வேலை பார்த்துட்டே பகுதி நேரமா மனநல ஆதரவுப் பணிக்குப் படிச்சவங்க இருக்கீங்களா?

இரவுப்பறவை:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு 36 வயசு, 12 வருஷமா அக்கவுண்ட்ஸ் வேலை. என் தங்கச்சிக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், கண்டுபிடிச்சு 5 வருஷம் ஆச்சு. மருந்து ஒத்துக்கிட்டு குரல் கேக்குறதெல்லாம் அடங்கின பிறகும் அவ ரூம விட்டு வெளிய வரவே இல்ல, குளிக்க மாட்டா, தலை வார மாட்டா, நாங்க எழுந்திரு எழுந்திருன்னு கத்திக் கத்தி ஓஞ்சு போயிட்டோம். அப்பதான் ஒரு மையத்துல இருந்து சப்போர்ட் ஒர்க்கர் ஒருத்தங்க வாரத்துக்கு 2 நாள் வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. முதல் நாள் தங்கச்சிகிட்ட அவங்க எதுவுமே விசாரிக்கல. கட்டில் மேல துவைச்ச துணி குவிஞ்சு கிடந்துச்சு, "இத நான் மடிக்கட்டுமா"ன்னு மட்டும் கேட்டுட்டு தரையில உக்காந்து மடிக்க ஆரம்பிச்சாங்க. முக்கால் மணி நேரம். அடுத்த தடவையும் அதேதான். மூணாவது தடவ பெரிய போர்வை ஒண்ணு வந்துச்சு, அத தனியா மடிக்க முடியாதுல்ல, அவங்க எழுந்து ஒரு பக்கத்து ரெண்டு முனையையும் பிடிச்சுட்டு சும்மா நின்னாங்க, கூப்பிடக்கூட இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு தங்கச்சி எழுந்து வந்து அந்தப் பக்கத்து முனைய பிடிச்சா. நான் கதவு பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தேன். இப்ப அவ வாரத்துல 3 நாள் பகல்நேர மையத்துக்குப் போறா.

அன்னைக்குல இருந்து எனக்கும் இந்த வேலைய கத்துக்கணும்னு இருக்கு. ஆனா வேலைய விட முடியாது, வீடு என் சம்பளத்துலதான் ஓடுது. வார இறுதியில நடக்குற 6 மாச கோர்ஸ், சாயங்கால வகுப்பு, முழுக்க ஆன்லைன்னு விதவிதமா விளம்பரம் வருது, எது உருப்படின்னு தெரியல. படிச்சா என்ன வேலை செய்ய விடுவாங்க? வீட்லயே நோயாளி இருக்குறவ இதுக்கு லாயக்கா? செஞ்சவங்க சொல்லுங்க.

மழைக்காகிதம்:

அந்தப் போர்வைய படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு சகோ. அவங்க கூப்பிடாம நின்னாங்கன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் இந்த வேலையோட உயிர், அத கத்துக்கிட்டுதான் செஞ்சிருக்காங்க, நீங்களும் கத்துக்கலாம்.

நான் ஒரு மறுவாழ்வு இல்லத்துல 9 வருஷமா இருக்கேன். அதுக்கு முன்னாடி அச்சகத்துல வேலை, ராத்திரி வகுப்புக்குப் போய்தான் படிச்சேன். முதல்ல யாரு யாருன்னு தெளிவா வச்சுக்குங்க. சைக்யாட்ரிஸ்ட் டாக்டருக்குப் படிச்சவர், மருந்து எழுதுவார். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பரிசோதனை, தெரபி பண்றவங்க, அதுக்கு வருஷக்கணக்கா படிக்கணும். கவுன்சிலருக்கும் தனிப் படிப்பு, மேற்பார்வையில செஞ்ச மணிக்கணக்கு எல்லாம் உண்டு. சப்போர்ட் ஒர்க்கர்னா ஒருத்தரோட அன்றாடத்துல கூட நிக்குற ஆளு. காலைல எழுந்துக்கறது, பஸ் ஏறுறது, பேங்க்ல ஃபார்ம் பூர்த்தி பண்றது, டாக்டர்கிட்ட போறப்ப கூடப் போறது, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியிருக்குன்னு கவனிச்சு சொல்றது. பகுதி நேரப் பயிற்சி உங்கள பெரும்பாலும் இந்த இடத்துக்குத்தான் கொண்டு வரும். இது சின்ன இடம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, மனநல முதலுதவின்னு ஒரு பயிற்சி இருக்கு, 2000ல ஆஸ்திரேலியாவுல பெட்டி கிச்சனரும் டோனி ஜோர்மும் ஆரம்பிச்சது, இப்ப நிறைய நாட்டுல நடக்குது. நல்ல பயிற்சிதான், ஆனா அது பொதுமக்களுக்கானது, ஒருத்தர் நெருக்கடியில இருந்தா முறையான உதவி கிடைக்குற வரைக்கும் எப்படிப் பக்கத்துல இருக்குறதுன்னு சொல்லிக்கொடுக்கும். அத முடிச்சுட்டு கவுன்சிலர்னு போர்டு மாட்டுற ஆட்கள பார்த்திருக்கேன், ரொம்ப தப்பு.

கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி நான் கேக்கச் சொல்ற கேள்வி ஒண்ணுதான். நான் இன்னொரு மனுஷர்கிட்ட பேசுறத அனுபவமுள்ள ஒருத்தர் உக்காந்து பார்ப்பாரா, எத்தன மணி நேரம் பார்ப்பார்? மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் சொல்றேன்னா எங்க வகுப்புல மூணு மூணு பேரா உக்கார வைப்பாங்க. ஒருத்தர் தன்னோட நிஜக் கவலை ஒண்ண, சின்னதா, பேசணும், ஒருத்தர் கேக்கணும், மூணாமவர் பார்த்து எழுதணும். என் முதல் தடவ, எதிர்ல இருந்தவங்க வீடு மாத்தணும், அம்மாவுக்கு இஷ்டமில்லன்னு பேசினாங்க. 10 நிமிஷம். நான் நல்லா பண்ணேன்னுதான் நினைச்சேன். பார்த்து எழுதினவங்க தாள நீட்டினாங்க, 6 டிக் இருந்துச்சு, நான் சொன்ன அறிவுரைக்கு ஒண்ணொண்ணா டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கீழ நான் குறுக்க புகுந்து வெட்டுன வாக்கியம். கடைசி வாக்கியம் "எனக்கு உண்மையில பயமா இருக்குறது என்னன்னா", அதோட நிக்குது. நான் அந்த இடத்துல அம்மாவ ஒரு தடவ அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன். அந்தத் தாள இன்னும் வச்சிருக்கேன்.

கார்ல் ரோஜர்ஸ் 1957ல எழுதின கட்டுரைய எல்லா கோர்ஸ்லயும் சொல்லுவாங்க, உதவி பண்றவர் வேஷமில்லாம இருக்கணும், எதிர்ல இருக்குறவர நிபந்தனையில்லாம மதிக்கணும், அவர் உலகத்த அவர் கண்ணால பார்க்கணும்னு. பரீட்சையில 5 நிமிஷத்துல எழுதிடலாம். வாய மூடி உக்காரக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அதனாலதான் வேகமா முடிக்குற முழுநேரக் கோர்ஸவிட இழுத்து நடக்குற பகுதி நேரம் மேல்னு நினைக்கிறேன். ரெண்டு வகுப்புக்கு நடுவுல வர்ற 6 நாள்ல ஆபீஸ்லயும் வீட்லயும் நீங்க எத்தன பேர குறுக்க வெட்டுறீங்கன்னு உங்களுக்கே தெரிய வரும்.

பூவரசு_நிழல்:

எனக்கும் இதே கேள்வி இருந்துச்சு, நான் இந்த இழைய தொடர்றேன்.

தென்றல்76:

மழைக்காகிதம் சொன்னத அப்படியே ஆமோதிக்கிறேன், ஏன்னா நான் அடிபட்டவ. பேர் சொல்ல விரும்பல, ஒரு நிறுவனத்தோட ஆன்லைன் டிப்ளமோ. 40 மணி நேர வீடியோ, ஒவ்வொரு பாடத்துக்கும் 10 கேள்வி, தப்பா போட்டா திரும்ப போட்டுக்கலாம். சர்டிஃபிகேட் பளபளன்னு வந்துச்சு. அந்த 40 மணி நேரத்துல நான் ஒரு மனுஷர்கிட்டயும் பேசல, நான் பேசுறத யாரும் கேக்கல.

அத நம்பி ஒரு பகல்நேர மையத்துல தன்னார்வலரா சேர்ந்தேன். ரெண்டாவது நாள் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து "எங்க அப்பா டிவி வழியா என்னப் பார்த்துட்டு இருக்கார், உங்களுக்குத் தெரியுதா"ன்னு கேட்டார். எனக்கு மாயநம்பிக்கைன்னா என்னன்னு வரையறை மனப்பாடமா தெரியும். ஆனா தெரியுதுன்னு சொல்றதா தெரியலன்னு சொல்றதான்னு தெரியாம முழிச்சேன். கடைசியில "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்"னு சிரிச்சுட்டேன். அவர் எழுந்து போயிட்டார், அப்புறம் ஒரு மாசம் என்கூட பேசல.

அங்க இருந்த மூத்த பணியாளர் அப்புறமா சொன்னாங்க, வாதாடவும் கூடாது, ஆமா போடவும் கூடாது, "எனக்கு அது தெரியல, ஆனா எப்பவும் யாரோ பார்த்துட்டே இருந்தா உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்"னு அந்த உணர்ச்சிய பிடிச்சுக்கணும்னு. ஒரு வாக்கியம்தான். 40 மணி நேர வீடியோவுல அது இல்ல. ஆன்லைனே கூடாதுன்னு சொல்ல வரல, நேரலையில ரோல் ப்ளே வச்சு திருத்துற கோர்ஸும் இருக்கு, வீடியோ மட்டும்னா யோசிங்க.

நேர்கோடு:

எல்லாரும் மன்னிக்கணும், எனக்கு இந்த பேச்சே உறுத்துது. மூளை சம்பந்தப்பட்ட நோய்க்கு 6 மாசம் சனி ஞாயிறு படிச்சவங்க கை வைக்கலாமா? இதய நோயாளிக்கு அப்படி விடுவோமா? என் நண்பனோட டிப்ரஷன "பாசிட்டிவா யோசி"ன்னு யாரோ அரைகுறை கவுன்சிலிங் பண்ணி 8 மாசம் டாக்டர்கிட்ட போகவிடாம பண்ணிட்டாங்க. நல்ல எண்ணம் மட்டும் போதாது.

ஏழாம்படி:

நேர்கோடு சார், உங்க நண்பருக்கு நடந்தது அநியாயம், அந்தக் கோவம் நியாயமானது. ஆனா முடிவு வேற மாதிரி வரணும்னு நினைக்கிறேன். நான் பொது சுகாதாரத்துல இருக்கேன், இந்தக் கேள்விய நல்லாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல அதிஃப் ரஹ்மான் குழு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2008ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. கர்ப்பகால டிப்ரஷன் இருந்த 903 தாய்மார். வீடு வீடா போற சாதாரண சுகாதாரப் பணியாளர் பெண்களுக்கு சிந்தனை நடத்தை சிகிச்சையோட அடிப்படைய கத்துக்கொடுத்து, அவங்க வழக்கமா போற விசிட்டோட சேர்த்து செய்யச் சொன்னாங்க. குழந்தை பிறந்து 6 மாசத்துல, இந்தப் பயிற்சி எடுத்தவங்க பார்த்த தாய்மார்ல 23 சதவீதம் பேருக்குத்தான் டிப்ரஷன் மிச்சமிருந்துச்சு, பயிற்சி இல்லாத பணியாளர்கள் போன பக்கம் 53 சதவீதம். வகுப்பறைப் பயிற்சி சில நாள்தான், ஆனா மாசாமாசம் மேற்பார்வை இருந்துச்சு.

ஜிம்பாப்வேல டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல மருத்துவர், 2006ல ஹராரேல 14 பாட்டிமார்கள வச்சு நட்பு பெஞ்ச்னு ஆரம்பிச்சார். க்ளினிக்குக்கு வெளிய ஒரு மர பெஞ்ச், பாட்டி உக்காந்திருப்பாங்க, வர்றவங்களோட பிரச்சனைய ஒண்ணொண்ணா பிரிச்சு, எத முதல்ல எடுக்கலாம்னு அவங்களையே தேர்ந்தெடுக்க வைப்பாங்க. 573 பேர வச்சு சோதிச்சதுல நல்ல பலன், 2016ல ஜாமாங்குற மருத்துவ இதழ்ல வெளியாச்சு.

உலக சுகாதார நிறுவனமே ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் ப்ளஸ்னு 5 அமர்வு கையேடு 2016ல போட்டிருக்கு, மனநலப் படிப்பு இல்லாதவங்க பயிற்சி எடுத்து செய்யறதுக்குன்னே எழுதினது. நீங்க பயப்படுற விஷயத்துக்கு அதுலயே பதில் இருக்கு. உடனடி தற்கொலை ஆபத்துல இருக்குறவங்க, சைக்கோசிஸ் (நிஜத்தோட தொடர்பு விட்டுப் போற நிலை) மாதிரி தீவிரமா இருக்குறவங்க, இவங்களுக்கு இத பண்ணாதே, மேல அனுப்புன்னு முதல் சந்திப்புலயே சோதிக்கச் சொல்லுது. உங்க நண்பருக்கு அமைஞ்சவருக்கு அந்த எல்லை தெரியல. நல்ல பயிற்சியில பாதி அந்த எல்லையக் கத்துக்கொடுக்குறதுதான்.

நேர்கோடு:

விரிவா சொன்னதுக்கு நன்றி. எண்களப் பார்த்தா யோசிக்க வைக்குது. அப்ப நான் கேக்குறது இதுதான், கோர்ஸ் முடிஞ்ச பிறகும் மேற்பார்வை தொடரணும்ல? முடிச்ச மறுநாளே தனியா விட்டுட்டா நீங்க சொன்ன ஆய்வுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லாம போயிடும்.

ஏழாம்படி:

நூத்துக்கு நூறு உண்மை சார். வேலைக்குச் சேர்ற இடத்துல முதல்ல கேக்க வேண்டியதே அதுதான்.

கரையேறியவன்:

நான் அந்தப் பக்கத்துல இருந்து வந்தவன். பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறி மாறிப் போற நோய், 11 வருஷம், மூணு தடவ அட்மிட் ஆகியிருக்கேன். இப்ப பியர் சப்போர்ட் ஒர்க்கரா, அதாவது நோய அனுபவிச்சவனாவே மத்தவங்களுக்குத் துணை நிக்குற ஆளா இருக்கேன், வாரத்துல 4 நாள். அதனால இரவுப்பறவை அக்கா, வீட்ல நோயாளி இருக்குறவ லாயக்கான்னு கேட்டீங்கள்ல, நோயாளியே லாயக்குதான். 1948ல நியூயார்க்ல மனநல ஆஸ்பத்திரியில இருந்து வந்தவங்க சேர்ந்து உருவாக்குன ஃபவுண்டெய்ன் ஹவுஸ்ல அங்க வர்றவங்கள நோயாளின்னு சொல்ல மாட்டாங்க, உறுப்பினர்தான், பணியாளரும் உறுப்பினரும் பக்கத்துல பக்கத்துல நின்னு வேலை செய்வாங்க.

நான் பயிற்சியில சேர்ந்தப்ப என் கதைதான் என் பலம்னு நினைச்சேன். எங்க பயிற்சியாளர் ஒரு கேள்வி கேட்டாங்க, இந்தக் கதைய இப்ப யாருக்காக சொல்ற? எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எதிர்ல இருக்குறவருக்கு உதவும்னா ரெண்டு வரி, எனக்கு ஆறுதல் வேணும்னா அது என் மேற்பார்வையாளர்கிட்ட. இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

ஒரு விஷயம் மட்டும் கோர்ஸ்ல கவனமா படிங்க, மருந்தோட பக்கவிளைவு. நீங்க மருந்து எழுதப்போறதில்ல, ஆனா வாரத்துல 2 நாள் பார்க்குறது நீங்கதான், டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவ. ரெண்டாவது தடவ அட்மிட் ஆனப்ப எனக்கு உக்காரவே முடியல. கால் உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி, படுத்தா எழுந்து நடக்கணும், நடந்தா நிக்கணும், வராந்தாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துட்டே இருந்தேன். நோய் முத்துதுன்னு நினைச்சு மருந்த கூட்டினாங்க, இன்னும் மோசமாச்சு. ஒரு உதவியாளர்தான் என்கூட சேர்ந்து நடந்தார், ஒரு அரை மணி நேரம் இருக்கும், நடந்துட்டே "மனசு ஓடுதா, இல்ல கால் மட்டும் நிக்க மாட்டேங்குதா"ன்னு கேட்டார். கால் மட்டும்னு சொன்னேன். அத அப்படியே எழுதி டாக்டர்கிட்ட கொடுத்தார். அகதீசியா, சைக்கோசிஸ் மருந்தால வர்றது. அளவ குறைச்சாங்க, தூங்கினேன்.

பைபோலாருக்குக் கொடுக்குற லித்தியம் மருந்து எடுக்குறவங்க கூட இருந்தா வாந்தி பேதி வந்தா சும்மா விடாதீங்க, உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிடும், கை நடுக்கம் அதிகமாகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், உடனே ஆஸ்பத்திரிக்கு சொல்லணும். இந்த மாதிரி விஷயம் பாடத்திட்டத்துல இருக்கான்னு பாருங்க அக்கா.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் நோட்ல எழுதி வச்சிருக்கேன். கரையேறியவன் தம்பி, நீங்க எழுதினத தங்கச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன், "கால் மட்டும்" வந்ததும் திரும்ப படின்னா.

ஒண்ணு கேக்க பயமா இருக்கு. யாராவது சாகணும்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? நான் ஏதாவது தப்பா பேசி அவங்க ஏதாவது பண்ணிக்கிட்டா? அத நினைச்சாலே அப்ளிகேஷன மூடி வச்சுடுறேன்.

நள்ளிரவு_ஷிப்ட்:

அக்கா, அந்த பயம் இல்லாதவங்கதான் எனக்கு கவலைய கொடுப்பாங்க. நான் ஹெல்ப்லைன்ல 6 வருஷம், வாரத்துல ஒரு ராத்திரி, பகல்ல வேற வேலை.

இந்த மாதிரி சேவையோட ஆரம்பமே உங்க கேள்விக்கு பதில் சொல்லும். 1953ல லண்டன்ல சாட் வாரான்னு ஒரு பாதிரியார், தற்கொலை எண்ணத்துல இருக்குறவங்க கூப்பிடட்டும்னு ஒரு ஃபோன் நம்பர் அறிவிச்சார். அவர பார்க்க கூட்டம் வர ஆரம்பிச்சுருச்சு, காத்திருக்குறவங்களுக்கு துணையா உக்கார சாதாரண ஆட்கள் சிலர் வந்தாங்க. கொஞ்ச நாள்ல பார்த்தா, நிறைய பேர் அவங்ககிட்ட பேசிட்டு, பாதிரியார பார்க்காமலே கிளம்பிப் போறாங்க. அதப் புரிஞ்சுக்கிட்டு அடுத்த வருஷமே வேலைய தன்னார்வலர்கள்கிட்ட விட்டுட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ்.

பயிற்சியில எங்களுக்கு முதல்ல உடைச்சது, கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமோங்குற பயம். ஆகாது. நியூயார்க் மாநிலத்துல 2,342 பள்ளி மாணவர்கள வச்சு சோதிச்சாங்க, 2005ல ஜாமால வந்துச்சு, தற்கொலை பத்தி கேள்வி கேட்கப்பட்டவங்களுக்கு கேக்கப்படாதவங்கள விட மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடல. அதனால சுத்தி வளைக்காம, "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா"ன்னு அந்த வார்த்தையவே போட்டு கேக்கணும். "தப்பா ஏதும் யோசிக்கலல்ல?"ன்னு கேக்காதீங்க, அது இல்லன்னு சொல்லுன்னு கெஞ்சுற கேள்வி.

வகுப்புல அத சத்தமா சொல்லவே ஆட்களுக்கு நாக்கு எழாது. எங்க பயிற்சியாளர் எங்கள ரெண்டு ரெண்டு பேரா நிக்க வச்சு, ஒருத்தர் கண்ண ஒருத்தர் பார்த்து அந்த ஒரு வாக்கியத்த 10 தடவ சொல்ல வச்சார். நான் 4வது தடவ அழுதுட்டேன், என் மாமா பையன் அப்படித்தான் போனான், அவன யாரும் கேக்கல. பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லல, தண்ணி கொடுத்துட்டு பக்கத்துல நின்னார், மீதி 6 தடவையும் சொல்லி முடிச்சேன். இப்ப ராத்திரி 3 மணிக்கு அந்தக் கேள்வி குரல் நடுங்காம வருது.

ஆமான்னு அவங்க சொன்னா அடுத்து என்னங்குறதும் முறையா இருக்கு, நீங்க தனியா சுமக்கப்போறதில்ல. ஸ்டான்லியும் ப்ரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு, ஒரே தாள், அவங்க வார்த்தையிலயே எழுதணும். அந்த எண்ணம் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன அறிகுறி தெரியும், தனியா என்ன செஞ்சா கொஞ்சம் தணியும், எங்க போனா யாரோட இருந்தா மனசு திரும்பும், யார்கிட்ட வெளிப்படையா உதவி கேக்கலாம், எந்த டாக்டர், எந்த எண், ஆபத்தான பொருள் எட்டாம இருக்க என்ன பண்ணலாம். உடனடி ஆபத்துன்னு தெரிஞ்சா மேற்பார்வையாளர், அவசர சேவை, அந்த இடத்துல ரகசியம் காக்குற விதி தளரும், அத முதல் சந்திப்புலயே அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கணும்.

இத படிச்சுட்டு இருக்குற யாருக்காவது இப்ப அந்த எண்ணம் இருந்தா, இந்த இழைய மூடிட்டு உங்க பகுதி ஹெல்ப்லைனுக்கோ, பக்கத்துல இருக்குற ஒரு ஆளுக்கோ இப்பவே சொல்லுங்க. எந்த நேரமா இருந்தாலும் பரவால்ல.

சித்திரைப்பாதி:

உருக்கமான விஷயங்களுக்கு நடுவுல நான் லீவு பத்தி பேச வந்திருக்கேன், ஏன்னா பாதி பேர் கோர்ஸ பாதியில விடுறது இதாலதான்.

வகுப்பு சனி ஞாயிறுன்னு போட்டிருப்பாங்க, சரின்னு சேருவோம். ப்ளேஸ்மென்ட்னு, அதாவது நிஜ மையத்துல போய் செய்யற களப்பயிற்சின்னு வரும்போதுதான் தெரியும், பகல்நேர மையம், வெளிநோயாளிப் பிரிவு எல்லாம் நடக்குறது வாரநாள்ல. எங்க பேட்ச்ல 19 பேர், ப்ளேஸ்மென்ட் மணிக்கணக்கு முடியாம 7 பேர் நின்னுட்டாங்க, படிப்புல குறையே இல்ல அவங்களுக்கு. சேர்றதுக்கு முன்னாடியே மொத்தம் எத்தன மணி நேரம், எந்தக் கிழமை, அரை நாளா பிரிச்சு செய்யலாமா, தங்கும் இல்லத்துல ராத்திரி ஷிப்ட் கணக்குல வருமான்னு எழுத்துல வாங்கிக்குங்க. நான் ஒரு வருஷ லீவ மொத்தமா சேர்த்து வச்சு வாரத்துக்கு அரை நாளா செலவழிச்சேன், மேனேஜர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

அடுத்து குறிப்பு எழுதுறது. நீங்க அக்கவுண்ட்ஸ், இதுல ஜெயிப்பீங்க. நான் முதல் வாரத்துல "இன்னைக்கு ரொம்ப கோவமா, ஒத்துழைக்காம இருந்தார்"னு எழுதினேன். மேற்பார்வையாளர் அடிச்சுட்டு, என்ன பார்த்தியோ அத எழுதுன்னாங்க. "கதவ மூணு தடவ ஓங்கி சாத்தினார், 20 நிமிஷம் பேசல, அப்புறம் தம்பி போன் எடுக்கலன்னு சொன்னார்." எழுதி முடிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது, அவருக்கு இருந்தது கோவமே இல்ல. அந்தக் குறிப்ப அவரே ஒரு நாள் கேட்டு வாங்கிப் படிக்கலாம்னு நினைச்சு எழுதுங்க.

வகுப்பு முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி வேற வேலை வச்சுக்காதீங்க. அடுத்தவங்க துயரத்த தொடர்ந்து கேக்குறவங்களுக்கு உலகத்தப் பார்க்குற பார்வையே மாறும்னு மெக்கானும் பேர்ல்மனும் 1990ல எழுதினாங்க, ஆங்கிலத்துல அதுக்கு விகாரியஸ் ட்ராமான்னு பேரு. எனக்கு அது பூட்டு சரிபார்க்குறதா வந்துச்சு, ராத்திரி ரெண்டு தடவ எழுந்து கதவ இழுத்துப் பார்ப்பேன். சூப்பர்விஷன்ல சொன்ன பிறகுதான் அது எங்க இருந்து வந்துச்சுன்னே புரிஞ்சுது.

மழைக்காகிதம்:

சித்திரைப்பாதி சொன்ன ப்ளேஸ்மென்ட் விஷயம் தங்கம்.

சகோவுக்கு இன்னொண்ணு, வீட்ல தங்கச்சி இருக்குறதால. எக்ஸ்ப்ரெஸ்டு எமோஷன்னு ஒரு பாடம் வரும். ஸ்கிட்ஸோஃப்ரினியால இருந்து தேறி வீடு திரும்புறவங்கள ஆராய்ஞ்சப்ப, ஓயாத குறைகூறலோ அளவுக்கு மீறின பொத்திப் பாதுகாப்போ இருக்குற வீட்ல நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கூடுதல்னு கண்டாங்க, வான், லெஃப் ரெண்டு பேரோட 1976 ஆய்வு பிரபலம். அந்தப் பாடம் நடக்குற அன்னைக்கு வீட்ல நோயாளி இருக்குற மாணவங்க ஒருத்தராவது எழுந்து வெளிய போவாங்க, வருஷா வருஷம் பார்க்குறேன், நாமதான் காரணமோன்னு நெஞ்சு அடைச்சுடும். நோய நீங்க உண்டாக்கல, அந்த ஆய்வு அப்படி சொல்லவும் இல்ல. ஓஞ்சு போன குடும்பம் கத்தத்தான் செய்யும், அந்தக் குடும்பத்துக்கும் கை கொடுத்தா நோய் திரும்புறது குறையுதுங்குறதுதான் அதுக்கப்புறம் வந்த குடும்பப் பயிற்சிகளோட அடிப்படை. முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், அன்னைக்கு தனியா வீட்டுக்குப் போகாதீங்க, யார்கிட்டயாவது பேசிட்டுப் போங்க.

பூவரசு_நிழல்:

நான் சும்மா படிச்சுட்டுதான் இருந்தேன், நள்ளிரவு ஷிப்ட் எழுதின கேள்விய நேத்து என் ரூம்மேட்கிட்ட கேட்டேன். ஆமான்னு சொன்னான். ரெண்டு பேரும் இப்ப ஆஸ்பத்திரியில காத்துட்டு இருக்கோம், டாக்டர பார்க்கப் போறோம். வேற எதுவும் எழுத முடியல.

நள்ளிரவு_ஷிப்ட்:

கூடவே இருங்க. உங்களுக்கும் இன்னைக்கு ஒரு ஆள் வேணும், எந்நேரமும் எனக்கு தனி மெசேஜ் போடுங்க.

இரவுப்பறவை:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். பூவரசு, உங்க நண்பர் எப்படி இருக்கார்? முடிஞ்சப்ப சொல்லுங்க, அவசரமில்ல.

நாலு இடத்துக்கு போன் பண்ணேன். நான் பேசுறத யாரு பார்ப்பாங்க, எத்தன மணி நேரம்னு கேட்டதும் ரெண்டு இடத்துல சிலபஸ் அனுப்புறோம் மேடம்னு பேச்ச மாத்திட்டாங்க. ஒரு இடத்துல மட்டும் போன்ல இருந்தவங்க கொஞ்சம் நிறுத்தி "இத கேக்கச் சொல்லி யாரு உங்களுக்குச் சொன்னது"ன்னு கேட்டாங்க, நான் இந்த இழையப் பத்தி சொன்னேன். 11 மாசம், வாரம் ஒரு சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும், ப்ளேஸ்மென்ட அரை அரை நாளா பிரிச்சுக்கலாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சு பேர் குழுவா சூப்பர்விஷன், கோர்ஸ் முடிஞ்சும் 6 மாசம் அது தொடரும். நேர்கோடு சார், அந்தக் கடைசிக் கேள்விய உங்களுக்காகத்தான் கேட்டேன். அங்கதான் சேர்றேன்.

தங்கச்சிகிட்ட கேக்காம சேர மனசு வரல. ராத்திரி துணி மடிக்கும்போது சொன்னேன், இப்பல்லாம் அது எங்க ரெண்டு பேர் வேலை. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. முன்னாடியா இருந்தா ரெண்டு நிமிஷத்துல நானே என்ன சொல்றன்னு குடைஞ்சிருப்பேன். தலையணை உறைய எல்லாம் அடுக்கி முடிச்சுட்டு, "படி. ஆனா வீட்டுக்கு வந்து என்கிட்ட அந்தக் குரல்ல பேசாத"ன்னா. எந்தக் குரல்னு கேட்டேன். "வேலைக்கு வர்றவங்க குரல். அது அவங்களுக்கு இருக்கட்டும், நீ அக்கா மாதிரி கத்து, கம்மியா கத்து"ன்னா.

சரின்னேன். ப்ளேஸ்மென்ட்டுக்கு அவ போற மையத்த மட்டும் கொடுக்க வேணாம்னு ஃபார்ம்ல எழுதிட்டேன், அது அவ இடம். முதல் வகுப்பு வர்ற ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு.